பூக்கிறது, காய்க்கவில்லை: பூவின் அமைப்பும் இனப்பெருக்கமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி மாவட்டத்தில் நீண்ட காலம் விஞ்ஞானம் படிப்பித்தேன். ஓய்வுபெற்ற பிறகும் கேள்விகள் ஓயவில்லை. மாலையில் படலையைத் திறந்துகொண்டு வருகிறவர்களில் சிலர் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள். மற்றவர்கள் கையில் வாடிய பூவோடும் சூம்பிய பிஞ்சோடும் வரும் தோட்டக்காரர்கள். பிள்ளைகள் கேட்பது, “இரட்டைக் கருக்கட்டல் என்றால் என்ன?” தோட்டக்காரர்கள் கேட்பது, “பூக்கிறது, காய்க்கவில்லை, என்ன மருந்து அடிக்கலாம்?” இரண்டு பேருக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. மருந்துக் கடைக்குப் போவதற்கு முன் ஒரு தடவை பூவிடம் போங்கள். அது விரிந்திருக்கும் நேரம் பார்த்துப் போங்கள்.

செடிக்குப் பூ எதற்கு?

விதை உண்டாக்குவதற்கு. நிறம், மணம், தேன் எல்லாம் அந்த ஒரு வேலைக்காகச் செடி செய்யும் செலவு. செடி இடம் விட்டு நகர முடியாது. ஆகவே தன் மகரந்தத்தைச் சுமக்க ஒரு பூச்சியையோ, காற்றையோ, வௌவாலையோ கூலிக்கு அமர்த்திக்கொள்கிறது. காற்றை நம்பும் பூக்களைக் கவனியுங்கள்: சோளம், புல் போன்றவற்றில் பகட்டான இதழும் இல்லை, தேனும் இல்லை. காற்றுக்கு எதைக் காட்டி என்ன பயன்?

பூவில் ஆண், பெண் உண்டு என்பதைச் சோதனை செய்து காட்டியவர் ஜெர்மனியின் டூபிங்கன் நகரத்து ருடொல்ப் காமராரியஸ். 1694 இல் அவர் வெளியிட்ட கடிதத்தில் வரும் சோதனைச் செடிகளில் ஒன்று நம் வேலியோரத்து ஆமணக்கு. ஆமணக்கின் பூங்கொத்தில் கீழே ஆண்பூ, மேலே பெண்பூ. ஆண்பூக்களை மகரந்தம் சிந்துமுன் கிள்ளிவிட்டார்; விதை பிடிக்கவில்லை. அதே சோதனையை எந்தப் பிள்ளையும் ஒரு ஆமணக்குச் செடியில் செய்து பார்க்கலாம். சுற்றிலும் வேறு ஆமணக்கு நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

பூவின் பகுதிகளைப் பார்க்க எந்தப் பூ நல்லது?

ஒற்றை இதழ்ச் சிவப்புச் செவ்வரத்தை (செம்பருத்தி). பெரியது, எந்த வளவிலும் கிடைக்கும், கையாலேயே பிரிக்கலாம். காலையில் பறித்த பூவை ஒரு வெள்ளைத் தாளில் வையுங்கள்.

காம்புக்கு மேலே முதலில் தெரிவது மெல்லிய பச்சைக் கீற்றுகள், இவை புறப்புல்லி. அடுத்தது கிண்ணம்போல் ஒட்டி நிற்கும் ஐந்து புல்லிகள். மொட்டாக இருந்தபோது பூவைப் பொத்திக் காத்தவை இவைதான். அவற்றை உரித்தால் ஐந்து அல்லிகள் ஒன்றன்மேல் ஒன்று முறுகி அடுக்கியிருக்கும். அல்லியைத் தனியே இழுத்துப் பாருங்கள், அடியில் நடுத்தண்டோடு ஒட்டிக்கொண்டு வரும்.

இனி அந்த நடுத்தண்டு. பிள்ளைகள் பலர் இதை ஒரே உறுப்பு என்று எண்ணி ஒரு பெயரை எழுதிப் புள்ளி இழப்பார்கள். வெளியே இருப்பது குழாய். மகரந்தம் தரும் ஆண் உறுப்புகளான கேசரங்களின் இழைகள் எல்லாம் சேர்ந்து ஆனது. அதன் மேற்பாதியில் சின்னச் சின்னக் காம்புகளில் மகரந்தக்கூடுகள் நிற்கும். விரலால் தொட்டால் மஞ்சள் பொடி ஒட்டும். அந்தக் குழாயைச் சவர அலகால் நீளவாட்டில் மெதுவாகக் கீறுங்கள். உள்ளே நூல்போல் இன்னொன்று ஓடும். அது தம்பம். அது குழாயின் வாயால் வெளியே வந்து ஐந்தாகப் பிரிந்து, நுனிகளில் வெல்வெட்டுப் பொட்டுகள் போன்ற ஐந்து குறிகளாக முடியும். அந்த நூலை அடிவரை பின்தொடர்ந்தால் கூம்பு வடிவில் ஒரு சின்னப் பச்சைக் குமிழ். அதுவே சூலகம். அதைக் குறுக்காக வெட்டி, கைவில்லையாலோ தொலைபேசிக் கமராவாலோ பெரிதாக்கிப் பாருங்கள். ஐந்து அறைகள், ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பொட்டுகளாகச் சூல்வித்துகள். கருக்கட்டினால் ஒவ்வொரு பொட்டும் ஒரு விதை. சூலகம் முழுதும் கனி.

முதல் முறை அந்த வெள்ளைப் பொட்டுகளைப் பார்க்கும் பிள்ளையின் முகத்தை எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

அடுக்குச் செவ்வரத்தையை இதற்கு எடுக்காதீர்கள். அதில் கேசரங்கள் பல இதழ்களாகவே மாறியிருக்கும். கண்ணுக்கு அழகு, பாடத்துக்குக் குழப்பம்.

யூடியூப்பில் தமிழ்நாட்டு ஆசிரியர்கள் வேறு சொற்கள் சொல்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. நம் புத்தகத்தில் கேசரம், அங்கே மகரந்தத்தாள். நம் தம்பம் அங்கே சூலகத்தண்டு. நம் குறி அங்கே சூலகமுடி. கருக்கட்டலைக் கருவுறுதல் என்பார்கள், முளையத்தைக் கரு என்பார்கள், வித்தகவிழையத்தைக் கருவூண் திசு என்பார்கள். கவனிக்க வேண்டிய சொல் ஒன்றுதான்: சூலகம். இங்கே அது அடியில் உள்ள குமிழை மட்டும் குறிக்கும். அங்கே குமிழ், தண்டு, முடி மூன்றும் சேர்ந்தது சூலகம். குமிழுக்குச் சூற்பை என்று பெயர். பரீட்சையில் நம் புத்தகச் சொல்லையே எழுதுங்கள்.

மகரந்தம் குறியில் விழுந்துவிட்டால் கருக்கட்டிவிட்டது என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. மகரந்தச் சேர்க்கை என்பது விருந்தாளி படலைக்கு வந்து சேர்வது. கருக்கட்டல் வீட்டின் உள்ளறையில் நடப்பது. இடையில் ஒரு நீண்ட நடை இருக்கிறது.

குறியின் பசையில் ஒட்டிய மகரந்தமணி நீரை உறிஞ்சிப் பருத்து ஒரு குழாயை வெளியே விடும். அந்த மகரந்தக்குழாய் தம்பத்தின் ஊடாக வளர்ந்து, சூலகத்துக்குள் போய், சூல்வித்தின் நுண்துளையைத் தேடி நுழையும். இரண்டு ஆண் புணரிகள், அதாவது ஆண் இனப்பெருக்கக் கலங்கள், அதற்குள் பயணம் செய்கின்றன. வேற்று இன மகரந்தம் வந்து ஒட்டினால் பெரும்பாலும் குறியிலோ தம்பத்திலோ அதன் பயணம் முடிந்துவிடும்.

இந்த நடையின் நீளத்தைச் சோளத்தில் பாருங்கள். தமிழ்நாட்டில் மக்காச்சோளம் என்பது நமக்குச் சோளம். பொத்தியின் நுனியில் தொங்கும் பட்டுப்போன்ற மயிர் ஒவ்வொன்றும் ஒரு பெண்பூவின் தம்பமும் குறியும்தான். ஒரு மயிருக்கு ஒரு மணி. அந்த நீளம் முழுதும், சில வேளை 30 சென்றிமீற்றர் வரை, மகரந்தக்குழாய் ஏறத்தாழ ஒரு நாளுக்குள் வளர்ந்து போக வேண்டும். அவித்த சோளத்தில் பல் விழுந்த மாதிரி இடைவெளி இருந்தால், அந்த மணிக்குரிய மயிருக்கு மகரந்தம் கிடைக்கவில்லை அல்லது குழாய் போய்ச் சேரவில்லை என்று பொருள். வேலியோரம் ஒரே நீட்டு வரிசையாகச் சோளம் போடுகிறவர்களுக்கு இந்தக் குறை அதிகம். மகரந்தத்தைக் காற்று வெளியே கொண்டுபோய்விடும். அதே விதையை நாலைந்து குட்டை வரிசைகளாகச் சதுரமாக ஊன்றுங்கள்.

இரட்டைக் கருக்கட்டலை எப்படி நினைவில் வைப்பது?

ஒரு இளநீரை வெட்டிக் குடித்தபடி படித்தால் மறக்கவே மாட்டீர்கள்.

சூல்வித்துக்குள் முளையப்பை இருக்கிறது. பெரும்பாலான தாவரங்களில் அதில் ஏழு கலங்கள், எட்டுக் கருக்கள் (இங்கே கரு என்பது முளையம் அல்ல, கலத்தின் உட்கரு). அவற்றில் நமக்கு முக்கியமானவை முட்டைக்கலமும், நடுக்கலத்தில் இருக்கும் இரண்டு முனைவுக் கருக்களும். மகரந்தக்குழாய் கொண்டுவரும் இரண்டு ஆண் புணரிகளில் ஒன்று முட்டையோடு சேர்ந்து நுகம் ஆகும். நுகம் வளர்ந்து முளையம் ஆகும். மற்றது இரண்டு முனைவுக் கருக்களோடும் சேரும். அதிலிருந்து உண்டாவது வித்தகவிழையம், அதாவது பிள்ளைக்குத் தாய் கட்டிக் கொடுக்கும் சோறு. பிள்ளை ஒரு கருக்கட்டல், சோறு இன்னொரு கருக்கட்டல். 1898 இல் ரஷ்ய அறிஞர் செர்கேய் நவாஷின் லில்லி இனப் பூக்களில் இதைக் கண்டு சொன்னார்.

இளநீர் அந்தச் சோறுதான். கலச்சுவர் இல்லாமல் கருக்கள் மட்டும் மிதக்கும் திரவ வித்தகவிழையம். நாள் போகப்போக ஓட்டின் உட்பக்கத்திலிருந்து கலச்சுவர்கள் உண்டாகி வழுக்கை கட்டும், பிறகு முற்றித் தேங்காய் ஆகும். முளையம் எங்கே? தேங்காயின் மூன்று கண்களில் மிருதுவானதைக் குத்திப் பாருங்கள்; அதன் கீழே சின்னக் குச்சிபோல் கிடக்கும். முளைக்கும்போது உள்ளே பஞ்சுபோல் உருண்டு வளரும் பூரான், அந்த முளையத்தின் வித்திலை. தேங்காயை உறிஞ்சிக் கன்றுக்கு ஊட்டும் உறுப்பு அது. பனங்கொட்டைப் பூரானும் அப்படியே.

நுங்கும் வித்தகவிழையம்தான். நெற்கதிரைப் பால் பருவத்தில் நசுக்கினால் வரும் வெள்ளைப் பாலும் அதுதான். அது இறுகினால் அரிசி. கச்சானும் (நிலக்கடலை) பயறும் வேறு வழியில் போகின்றன. அங்கே பிள்ளை சோற்றை முன்கூட்டியே உண்டு, தன் இரண்டு வித்திலைகளில் சேமித்துவிடுகிறது. வறுத்த கச்சானை இரண்டாகப் பிளந்தால் ஒரு பாதியின் நுனியில் சிறு கூர் ஒட்டியிருக்குமே, அதுவே முளையத்தின் மற்றப் பகுதி.

பூசணி கொடி நிறையப் பூக்கிறது. பிஞ்சு ஒன்றும் நிற்கவில்லை. ஏன்?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. பக்கத்து வளவு அக்கா ஒருவர் இதே முறைப்பாட்டோடு வந்தார். மறுநாள் காலை ஆறு மணிக்கு அவருடைய கொடியருகே இருவரும் குந்தியிருந்து எண்ணினோம். விரிந்த பூ இருபத்தேழு. அவற்றில் இருபத்தைந்து ஆண்.

பூசணியில் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே கொடியில் தனித்தனியாக வரும். ஆண்பூ நீண்ட மெல்லிய காம்பில் நிற்கும். பெண்பூவின் காம்பு குட்டை, பூவுக்குக் கீழே ஒரு குட்டிப் பூசணியே உட்கார்ந்திருக்கும். முதல் ஒன்றிரண்டு கிழமை ஆண்பூக்களே வரும். அது நோயல்ல, கொடியின் இயல்பு. அளவுக்கு மிஞ்சி யூரியா போட்டால் கொடியும் இலையும் செழித்து, பெண்பூ இன்னும் பிந்தும்.

அந்தக் காலையில் ஏழு மணி வரை காத்திருந்தோம். ஒரு தேனீகூட வரவில்லை. அடுத்த காணியில் பயற்றங்கொடிக்குக் காலையில்தான் மருந்து அடிப்பார்கள் என்று அக்கா பிறகு சொன்னார். ஒரு ஆண்பூவைப் பறித்து அதன் இதழ்களை உரித்தேன். நடுவில் கேசரங்கள் ஒட்டித் திரண்ட மஞ்சள் தூண் மட்டும் நின்றது. அதைப் பெண்பூவின் உள்ளே விட்டு, குறியின் மடல்களில் எல்லாப் பக்கமும் மெதுவாகத் தடவினோம். மஞ்சள் பொடி ஒட்டியது கண்ணுக்கே தெரிந்தது. இரண்டு பெண்பூக்களில் ஒன்றுக்கு மட்டும் செய்தோம்; மற்றதை வேண்டுமென்றே விட்டுவைத்தோம். ஐந்தாம் நாள், தொட்ட பிஞ்சு பருத்துப் பளபளத்தது. தொடாதது மஞ்சளாகிச் சுருங்கி, விரல் பட்டதும் கழன்று விழுந்தது. அக்கா அன்று முதல் மருந்து கேட்கவில்லை. விடிய எழும்பி ஆண்பூ பறிக்கிறார்.

இதை விடிந்ததும் செய்யுங்கள். வெயில் ஏறினால் பூ மூடிவிடும், மறுநாள் திறக்காது.

அதையே பீர்க்குக்கும் புடோலுக்கும் காலையில் செய்தேன், பலனில்லை.

நேரம் பிழை. பீர்க்கும் சுரையும் மாலையில் விரியும். புடோலின் நூல்நூலாகக் கிழிந்த வெள்ளைப் பூ இரவில் வரும் விட்டிலுக்காக விரிவது. இவற்றுக்கு மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் போங்கள். பாகல், வெள்ளரி இரண்டும் பூசணியைப் போலக் காலைப் பூக்கள்.

கத்தரியில் பூ வருகிறது, காய்க்காமல் உதிர்கிறது. மகரந்தம் இல்லையா?

இருக்கிறது, பூட்டியிருக்கிறது. கத்தரியின் மகரந்தக்கூடு நீளவாட்டில் வெடிக்காது. நுனியில் இரண்டு சிறு துளைகள் மட்டுமே உண்டு. உப்புப் போத்தலைக் குலுக்குவதுபோல யாராவது குலுக்க வேண்டும். கருவண்டும் உடலில் நீலப் பட்டையுள்ள காட்டுத் தேனீயும் அதைச் செய்யும். பூவைக் கட்டிப் பிடித்து, சிறகை அசைக்காமல் நெஞ்சுத் தசையை மட்டும் அதிரவைக்கும். அந்த உறுமல் நமக்கே கேட்கும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. வண்டு குறைந்த தோட்டத்தில் காலையில் பூங்காம்பை விரலால் மெல்லச் சுண்டிவிட்டால் உதவும்.

இன்னொன்றும் உண்டு. கத்தரியின் எல்லாப் பூவும் காய்க்கப் பிறந்தவை அல்ல. சில பூக்களில் தம்பம் நீண்டு மகரந்தக்கூடுகளுக்கு மேலே தலை காட்டும், அவை காய்க்கும். சிலவற்றில் தம்பம் குட்டையாக உள்ளேயே நின்றுவிடும், அவை உதிரும். உதிர்ந்த பூவைப் பொறுக்கிப் பிரித்துப் பாருங்கள், எந்த வகை என்று தெரியும். ஆனி, ஆடியில் சோளகக் காற்று அனல்போல் அடிக்கும்போது நல்ல பூவும் விழும். அப்போது தேவை மாலை நீரும் மூடாக்கும்தான்.

நெல் பூக்கிறதா? ஏன் சில வருடம் சப்பி (அரிசி பிடிக்காத வெற்றுநெல்) அதிகம்?

நெல் பூக்கிறது. வயற்காரர்களுக்கு அது தெரியும், ஆனால் நின்று பார்ப்பவர்கள் குறைவு. இரணைமடுக் குளத்தின் கீழோ முத்தையன்கட்டுக் குளத்தின் கீழோ காலபோக வயல் கதிர் தள்ளும் நாட்களில், வெயில் வந்த பிறகு, காலை ஒன்பதுக்கும் நண்பகலுக்கும் இடையில் வரம்பில் குந்தியிருந்து ஒரே கதிரைப் பாருங்கள்.

உமியின் இரண்டு ஓடுகள் கிளிமூக்குப்போல மெல்லப் பிரியும். அடியில் இருக்கும் இரண்டு நுண்ணிய செதில்கள் நீரை உறிஞ்சிப் பருத்து ஓட்டைத் தள்ளித் திறக்கின்றன. ஆறு கேசரங்கள் விறுவிறுவென்று நீளும். இரண்டு இறகுபோன்ற குறிகள் பக்கவாட்டில் எட்டிப் பார்க்கும். மகரந்தக்கூடு திறக்கும் கணத்திலேயே பெரும்பாலான மகரந்தம் சொந்தக் குறியிலேயே விழுந்துவிடும். ஆகவே நெல் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர். நெல் மகரந்தத்துக்கு ஆயுள் சில நிமிடம்தான். ஒரு மணித்தியாலம் போல் திறந்திருந்து, உமி மறுபடி மூடிக்கொள்ளும். காலியான மகரந்தக்கூடுகள் வெளியே தொங்கும். கதிரில் பூ என்று நாம் தூரத்திலிருந்து பார்ப்பது வேலை முடிந்த அந்த வெறுங்கூடுகளை. ஒரு கதிர் நுனியிலிருந்து அடிவரை பூத்து முடிய ஒரு கிழமையளவு ஆகும்.

சப்பிக்குக் காரணம் பெரும்பாலும் இந்த ஒரு மணித்தியாலத்தில் இருக்கிறது. அந்த நேரத்தில் மழை விடாமல் அடித்தாலும், வெப்பம் 35 பாகை செல்சியசைத் தாண்டினாலும், கதிர் தண்டுக்குள் இருக்கும் குடலைப் பருவத்திலோ பூக்கும்போதோ வயல் காய்ந்தாலும் கருக்கட்டல் தவறும், உமி வெறும் உமியாகவே நிற்கும். சிறுபோகத்தில் வெப்பம், காலபோகத்தில் அடைமழை. கருக்கட்டிய பிறகு பால் பருவத்தில் பூச்சி உறிஞ்சியும் சப்பியாகலாம். அப்படியான நெல்லில் குத்திய புள்ளி தெரியும். புள்ளி இல்லாத சப்பிக்குப் பூச்சிமருந்து அடித்துப் பணத்தைக் கரைக்காதீர்கள். எந்த மருந்தானாலும் பூக்கும் நாட்களின் முற்பகலில் வயலுக்குள் இறங்கவே வேண்டாம்.

பூநகரியில் விளையும் மொட்டைக்கறுப்பன் போன்ற பாரம்பரிய நெல் தலைமுறை தலைமுறையாகக் குணம் மாறாமல் வருவதற்கும் இதுவே காரணம். அது தன் பூவைப் பிறத்தியாருக்கு அநேகமாகத் திறப்பதில்லை.

கச்சான் மேலே பூத்து மண்ணுக்குள் காய்ப்பது எப்படி?

மஞ்சள் பூ விடிகாலையில் தன்மகரந்தச் சேர்க்கையை முடித்துவிட்டு அன்றே வாடிவிடும். அதோடு கதை முடிந்ததாக நாம் நினைப்போம். பூவின் அடியில் சூலகத்தைத் தாங்கிய ஒரு காம்பு ஊசிபோல் நீண்டு, தலைகீழாக மண்ணை நோக்கி வளரும். மண்ணுக்குள் இறங்கி இருட்டைக் கண்ட பிறகுதான் நுனி கிடையாகத் திரும்பிக் கோதாகப் பருக்கும். ஊசி மண்ணை எட்டாவிட்டால் அங்கேயே காய்ந்துபோகும். மண் அணைப்பது இதற்காகவே. முள்ளியவளைப் பக்கத்து மணற்பாங்கான நிலத்தில் கச்சான் நன்றாக வருவதும் ஊசி சிரமமில்லாமல் இறங்குவதால்தான். ஊசி இறங்கத் தொடங்கிய பிறகு மண்வெட்டியை வரிசைக்குள் விடாதீர்கள்.

பப்பாசி இரண்டு வருடமாகப் பூக்கிறது, காய் இல்லை.

பூ நீண்ட காம்புகளில் கொத்துக்கொத்தாகத் தொங்கினால் அது ஆண்மரம். பெண்பூ தண்டோடு ஒட்டித் தனியாகவோ இரண்டு மூன்றாகவோ, பருத்த அடியோடு இருக்கும். இருபாற்பூ உள்ள மரமும் உண்டு, நீளமான பழம் தருவது அதுதான். கன்றைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லாததால் ஒரு குழிக்கு மூன்று கன்று வைத்து, பூத்த பிறகு நல்லதை விட்டு மற்றதை வெட்டுங்கள். எல்லாம் பெண்மரமானால் ஒரு ஆண்மரத்தை எங்காவது நிற்க விடுங்கள்.

வாழைப்பழத்துக்கு ஏன் விதை இல்லை?

கருக்கட்டாமலே சூலகம் கனியாகிவிடுகிறது. இதற்குக் கன்னிக்கனியம் என்று பெயர். பழத்தின் நடுவில் தெரியும் கறுப்புப் புள்ளிகள் விதையாகாமல் போன சூல்வித்துகள். பொத்தியில் முதலில் விரிவது பெண்பூ, அவை சீப்புகளாகும். கடைசியில் தொங்கும் பொத்திக்குள் ஆண்பூக்கள்தான். வறை செய்ய நாம் அரிவது அவற்றையே.

“அத்தி பூத்தாற்போல்” என்கிறோமே, அத்தி பூப்பதில்லையா?

பூத்துக்கொண்டே இருக்கிறது, உள்ளே. அத்திக்காய், ஆலங்காய், அரசங்காய் எல்லாம் தலைகீழாக மடிந்த பூங்கொத்துப் பைகள். ஒரு இளங்காயைப் பிளந்தால் உட்சுவர் முழுக்க நுண்ணிய பூக்கள். நுனியிலுள்ள ஒரு சிறு வாசலால் எள்ளினும் சிறிய குளவி ஒன்று உள்ளே நுழைகிறது. உடம்பில் ஒட்டிய மகரந்தத்தைப் பெண்பூக்களில் விட்டு, அங்கேயே முட்டையிட்டு இறந்துபோகிறது. அதன் குஞ்சுகள் புது மகரந்தத்தோடு வெளியேறி அடுத்த காயைத் தேடும். ஒவ்வோர் அத்தி இனத்துக்கும் பெரும்பாலும் தனக்கென்று ஒரு குளவி இனம். ஒன்று அழிந்தால் மற்றதும் நிலைக்காது.

பலாவும் பூக்கிறது. சிறிய, வழுவழுத்த, சில நாளில் கறுத்து விழும் ‘பிஞ்சுகள்’ உண்மையில் ஆண் பூங்கொத்துகள். அவை விழுவது நோயல்ல.

கார்த்திகைப்பூவைச் செடியாக வைக்கலாமா? அதன் அமைப்பில் என்ன விசேடம்?

மழை தொடங்கி ஐப்பசி, கார்த்திகையில் காட்டோரப் பற்றைகளில் இலைநுனியால் பற்றிக்கொண்டு ஏறும் இந்தக் காந்தளை நான் எந்தப் பூவையும்விட அதிக நேரம் பார்த்திருக்கிறேன். பூ தலைகுனிந்து நிற்கும். ஆறு இதழ்களும் பின்னோக்கி மேலே வளைந்து சுடர்போல் எழும். மஞ்சளாக விரிந்து நாளடைவில் செந்நிறமாகும். ஆறு கேசரங்கள் வெளிப்பக்கமாக நீட்டி நிற்கும். எல்லாவற்றிலும் அதிசயம் தம்பம்: சூலகத்திலிருந்து புறப்படும் இடத்திலேயே செங்கோணமாக மடிந்து பக்கவாட்டில் நீளும். சொந்த மகரந்தம் படாமல் விலகி, தேனுக்கு வரும் வண்ணத்துப்பூச்சியின் சிறகு உரசும் தூரத்தில் குறி காத்திருக்கிறது.

வையுங்கள், ஆனால் பிள்ளைகளும் ஆடுகளும் எட்டாத இடத்தில் வையுங்கள். கிழங்கு, விதை, இலை எல்லாம் கடும் நஞ்சு. கிழங்கை உண்ணும் கிழங்கென்று நினைத்து அவித்துத் தின்று இறந்தவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். நஞ்சின் பெயர் கொல்ச்சிசின். கலப்பிரிவின்போது, மரபுக் குணங்களைச் சுமக்கும் நிறமூர்த்தங்களை இழுத்துப் பிரிக்கும் கதிர்நார்களை அது உண்டாகவிடாது. அதே குணத்தைப் பயன்படுத்தி, விதையில்லா வத்தகப்பழத்துக்கான தாய்ச்செடியை உருவாக்குகிறார்கள். கீல்வாதத்தில் ஒரு வகைக்கு வைத்தியர்கள் இதை அளந்து கொடுப்பதும் உண்டு.

கடையில் வாங்கிய கலப்பின விதையில் வந்த பழத்திலிருந்து விதை எடுக்கலாமா?

முளைக்கும், ஆனால் பிள்ளைகள் தாயைப் போல இருக்கமாட்டார்கள். சாதாரண வகைகளில் தக்காளி, பயறு, உழுந்து போன்ற தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர்களுக்குத் தாராளமாக எடுங்கள். பூசணி, பாகல், சோளம் அயன்மகரந்தம், அதாவது வேறு செடியின் மகரந்தம், ஏற்பவை. விதைக்கு வேண்டிய பெண்பூவை முந்திய மாலையே துணியால் கட்டி, காலையில் கையால் மகரந்தம் சேர்த்து, மறுபடி கட்டிவிடுங்கள்.

மருந்து அடிக்காமல் முடியாது. தேனீயை எப்படிக் காப்பது?

பூ மூடிய பிறகு, பொழுது சாயும் வேளையில் அடியுங்கள்; பூக்கும் நாட்களில் முடிந்தவரை தவிருங்கள். மாலையில் பூக்கும் பீர்க்கு, சுரை, புடோலுக்கு இது பொருந்தாது. அங்கே பூவுள்ள நாட்களில் அடிக்காமலிருப்பதே வழி. வளவின் சுவர் ஓட்டையில் கூடு வைத்திருக்கும் கொட்டாத சிறு தேனீயைச் சிமெந்து பூசி அடைக்காதீர்கள். பட்ட முருங்கைக் கிளையில் கருவண்டு துளை போட்டால் அந்தக் கிளையை விட்டுவிடுங்கள். கத்தரிக்கும் கொடித்தோடைக்கும் உங்களிடம் உள்ள ஆள் அதுதான். காட்டில் தேன் எடுப்பவர்கள் வதையை முழுதாக அறுக்காமல் புழு உள்ள பகுதியை விட்டுவந்தால், அந்தக் குடி மீண்டும் கட்டும்.

கண்டல் மரத்தில் முருங்கைக்காய் மாதிரித் தொங்குவது காயா?

நந்திக்கடல் ஓரத்தில் பார்த்துவிட்டு ஒரு மாணவி கேட்டது. அது நாற்று. விதை தாய்மரத்திலேயே முளைத்துத் தண்டு நீட்டி, பிறகு சேற்றில் விழுகிறது. உப்புநீரில் விதையாக விழுந்து முளைப்பது கடினம் என்பதால் தாய் கொஞ்சக் காலம் இடுப்பில் வைத்திருக்கிறது.

பனை ஆணா பெண்ணா என்று கன்றிலேயே சொல்ல முடியுமா?

முடியாது. இலையைப் பார்த்தும், கொட்டையின் வடிவத்தைப் பார்த்தும் சொல்வதாகச் சிலர் கூறுவார்கள்; நம்பாதீர்கள். பனை ஈரில்லத் தாவரம், ஒரு மரம் ஒரு பால். முதல் பாளை வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குப் பன்னிரண்டு, பதினைந்து வருடமும் அதற்கு மேலும் ஆகலாம். ஆண்பாளை விரல்போல் தடித்த கிளைகளாகத் தொங்கும், அதன் குழிகளிலிருந்து சிறு மஞ்சள் பூக்கள் வரிசையாக எட்டிப் பார்க்கும். பெண்பாளையில் பச்சை உருண்டைகள் நெருக்கமாக ஒட்டியிருக்கும். பெண்பூவின் சூலகத்தில் மூன்று அறைகள். மூன்றும் கருக்கட்டினால் மூன்று கண் நுங்கு. ஒன்று தவறினால் இரண்டு கண். நுங்கு சீவும்போது கண்ணை எண்ணினாலே அந்தப் பாளைக்கு எவ்வளவு மகரந்தம் வந்தது என்று ஓரளவு தெரியும்.

2010 இல் நாங்கள் காணிக்குத் திரும்பியபோது நின்ற பனைகளில் பலவற்றுக்குத் தலை இல்லை. அந்த மாரியில் வடக்கு வேலியோரமாக ஐம்பது பனங்கொட்டை புதைத்தேன்; கிழங்குக்குத் தோண்ட ஒருவரையும் விடவில்லை. முப்பத்தெட்டு நிற்கின்றன. இந்தத் தை மாதம் முதல் பாளை வந்தது, ஆண். மாசி நடுவில் அதற்கு நாலாவதாக நிற்பது பாளை தள்ளியது. ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். பச்சை உருண்டைகள்.